ஆட்கள் ஏன் நிற்பதில்லை?

தறிக்கு ஆள் இல்லை, கடைக்கு ஆள் நிற்பதில்லை என்ற பேச்சு இல்லாமல் காஞ்சியில் இன்று இரண்டு வியாபாரிகள் சந்திப்பதில்லை. காரணம் கேட்டால், "கம்பெனியில் சம்பளம் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். நோக்கியா 2014-இல் மூடப்பட்டபோது, இனித் தறிக்குத் திரும்புவார்கள் என்று சிலர் கணக்குப் போட்டனர். நாம் பார்த்தவரை திரும்பியவர் சொற்பம்.

ஏன் என்று தறிக்காரர் பக்கம் நின்று பார்ப்போம். கோர்வைச் சேலை ஒன்றுக்கு, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். நெய்பவரோடு கரைநாடா தள்ள இன்னொருவரும் உட்கார வேண்டும். கூலியோ சேலைக்குத்தான். அடுத்த பாவுக்குக் காத்திருக்கும் நாளுக்கும், ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும் நாளுக்கும் கூலி கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று பார்க்கும் நமக்கு அது பெரிய தொகை. இரண்டு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்துப் பார்த்தால் அவர் கணக்கு புரியும். கம்பெனியில் தேதி தவறாமல் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு, பி.எஃப். பெண் கொடுப்பவர்கள் கேட்பதும் இதைத்தான்.

ஆளை நிறுத்த முன்பணம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கல்யாணம், வைத்தியச் செலவுக்கு உதவுவதில் தவறில்லை. ஆனால் கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். வியாபாரக் கணக்கிலும் நஷ்டமே. அப்பா கடனுக்காகத் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த மகன், அந்தக் குழியில் கால் வைப்பானா? முன்பணம் அப்பாவை நிறுத்துகிறது, மகனை விரட்டுகிறது.

கடைச் சிப்பந்திகள் கதை வேறு. தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு மறுவாரமே நின்றுவிட்டார் என்று குறைப்படுகிறோம். முடிவு ஆடியிலேயே எடுத்தாகிவிட்டது, போனஸுக்காகத்தான் காத்திருந்தார். வாடிக்கையாளர் எதிரில் ஏசியது, முகூர்த்த மாதத்தில் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு லீவு மறுத்தது - இப்படி ஏதோ ஒன்று. நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் வர வேண்டியிருந்ததே! பத்து வருடச் சிப்பந்தி அடுத்த கடைக்குப் போனால், அவர் முகம் பார்த்து வருகிற குடும்பங்களும் கூடவே போய்விடும்.

கம்பெனியில் எல்லாம் சுகம் என்றும் இல்லை. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கே நின்று கேட்கிறார்கள். நம்மிடம் கேட்பதே இல்லை, சொல்லாமல் போய்விடுகிறார்கள்.

பாவு இல்லாத நாட்களுக்கு ஒரு சிறு படி கொடுக்கலாமா என்று மொத்த வியாபாரிகள் சிலர் பேசிவருகிறோம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. சில்லறைக் கடைக்காரர்களும் தங்கள் கணக்கைச் சொன்னால் நல்லது.