சென்டர் உட்காரும் நேரம்

2019 மே 12. டொராண்டோவில் ஃபிலடெல்ஃபியாவுடன் கூடைப்பந்து பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழ, டொராண்டோ 92-90 என்று வென்றது. ரசிகர்கள் இன்றும் அந்தத் துள்ளலைத்தான் பேசுகிறார்கள். ஆட்டத்தை முடிவுசெய்ததோ வேறு. ஃபிலடெல்ஃபியாவின் முதன்மை சென்டர் களத்தில் நின்ற 45 நிமிடங்களில் அவருடைய அணிக்கு 10 புள்ளி லாபம். அவர் பெஞ்சில் உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 12 புள்ளி நஷ்டம்.

எதிரணியில், பெஞ்சிலிருந்து வந்த பெரிய வீரர் 17 புள்ளி குவித்தார். அந்த ஆண்டு கோப்பையும் டொராண்டோவுக்கே.

மாற்று சென்டரை எடைபோட வேண்டியது இந்த நிமிடங்களை வைத்துத்தான். புள்ளிச் சராசரி அதிகம் சொல்லாது. பாயின்ட் கார்டு பந்தோடு வலப்பக்கம் பாய்கிறார். சென்டர் இரு கால்களையும் ஊன்றி, துரத்தி வருபவரின் தோளை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஓரடி இடைவெளி கிடைக்கிறது, மூன்று புள்ளி விழுகிறது. ஸ்கிரீன் எனப்படும் அந்தத் தடுப்புக்காக அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது.

இதைப் புரிந்துகொண்ட அணிகள் பணத்தையும் கொட்டுகின்றன. நியூயார்க் 2022இல் இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி டாலர் கொடுத்து ஒரு மாற்று சென்டரை எடுத்தது. 2023 டிசம்பரில் முதன்மை சென்டரின் கணுக்கால் பழுதாக, இவர் அந்த இடத்தைத் தாங்கினார். அந்த சீசனில் அவரது சராசரி வெறும் 7.8 புள்ளி. ஆனாலும் 2024இல் ஓக்லஹோமா சிட்டி மூன்று ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் தந்து அவரை அழைத்துக்கொண்டது. அந்த நவம்பரில் அங்கிருந்த இளம் சென்டருக்கு இடுப்பெலும்பு முறிந்து, சுமார் மூன்று மாதம் ஆட முடியவில்லை. அணி தடுமாறவில்லை; 68 வெற்றிகளோடு சீசனை முடித்து, 2025 கோப்பையையும் வென்றது.

உயரமான சென்டரே இல்லாமல் ஆடலாம் என்போரும் உண்டு; 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அப்படி ஆடி வென்றிருக்கிறது.

ஆனால் சென்டரை நம்பி ஆடும் அணிகளுக்குக் கவலையெல்லாம் அவருடைய உடம்பைப் பற்றித்தான். ஏழடி உயரம், 120 கிலோவுக்கு மேல் எடை, 82 ஆட்டங்கள், அதன்பின் பிளேஆஃப். ஒவ்வொரு குதிப்பின் பாரமும் முழங்காலிலும் பாதத்திலும்தான் இறங்குகிறது. நம்பி அனுப்ப ஆள் இல்லாதபோது பயிற்சியாளர் அவரையே 40 நிமிடத்துக்கு மேல் ஓடவிடுகிறார். களைத்த கால்தான் தவறாக ஊன்றும். அங்கே போவது ஓர் ஆட்டம் மட்டுமல்ல, ஒரு வீரரின் ஆண்டுகள்.

முதன்மை சென்டருக்கு 34 நிமிடம் போதும். மீதி 14 நிமிடத்தைத் தாங்கும் ஆளை, எல்லா ஒப்பந்தமும் முடிந்தபின் மிச்சப் பணத்தில் தேடாமல், கோடையின் முதல் வாரத்திலேயே அணிகள் பேசி முடிக்க வேண்டும்.