பானை மூடியில் ஒரு குரல்

திருவண்ணாமலை என்றதும் நேயர்களுக்கு அருணாசலமும் கார்த்திகைத் தீபமும் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில், குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் எங்கள் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே எள் போட்டால் எள் விழாது. சென்ற புரட்டாசியில் தரிசனம் முடித்து ராஜபாளையம் திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் கடையில் நின்றேன். துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில் கிராமபோன் பிளேட்டுகள் கிடந்தன. இன்னொன்று தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். மங்கிய லேபிளில் ‘எஸ். ஜி. கிட்டப்பா’ என்றிருந்தது!

“வாத்தியாரய்யா, அது பாடாது. எல்லாம் சேர்த்து 200 ரூபாய் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் ரெயில் பாதையில் தெற்கே போனால் வரும் செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் கிட்டப்பா. 1933 டிசம்பரில், 27-வது வயதில் மறைந்தார். ஒலிபெருக்கியின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய சாரீரம் என்பார்கள். தமிழ்ப் பேசும்படம் 1931-லேயே வந்துவிட்டது. ஆயினும் இவர் எந்தப் படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். மேடையில் அவர் நின்ற நிலையையும் நடந்த நடையையும் இனிக் காண வழியில்லை. இரவெல்லாம் சபையைக் கட்டிப்போட்டவர், பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சமாகத் தட்டுகளில் விட்டுச்சென்ற குரல் மட்டுமே நமக்கு மிச்சம்.

வாங்கிவந்த கட்டில் ஒரு தட்டு மட்டும் வேறு ஜாதியாக இருந்தது. அச்சிட்ட லேபிள் இல்லை. ஓரத்தில் அலுமினியம் பளிச்சிட்டது. மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சணம் என்று எண்ணி, ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தேன். கருந்தோல் வறண்ட குளத்து வண்டல்போலப் பாளம் பாளமாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

அது என்னவென்று பிறகுதான் படித்து அறிந்தேன். அஸிடேட் தட்டு என்று அதற்குப் பெயர். பெயருக்குத்தான் அஸிடேட், அலுமினியத் தகட்டின்மேல் பூசுவது நைட்ரோஸெல்லுலோஸ். பாடும்போதே ஊசி அதில் நேராகத் தடம் வெட்டும். காந்த நாடா வருமுன் வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதுவே வழக்கம். கடையில் விற்ற அரக்குப் பிளேட்டு ஆயிரக்கணக்கில் அச்சாகும். இது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். பூச்சு விறைக்காதிருக்கச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் காலப்போக்கில் சிதைந்து வெளியே பூப்பதே அந்த வெள்ளை. எந்த வீட்டுப் பெண் பாடியதோ, எந்தத் தலைவர் பேசியதோ, என் துணியோடு போயிற்று.

மேனாட்டார் இத்தகைய தட்டுக்கு உயிரை விடுகிறார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் இசைக் குழு 1966-ல் பதிவு செய்த அஸிடேட் ஒன்று, 2002-ல் நியூயார்க் தெருவோரத்தில் 75 சென்டுக்குக் கிடைத்தது. 2006-ல் 25,200 டாலருக்கு விலைபோயிற்று. எல்விஸ் பிரெஸ்லி 1953-ல் ஏறக்குறைய 4 டாலர் கொடுத்துத் தமக்கென்று வெட்டிக்கொண்ட தட்டு 2015-ல் 3 லட்சம் டாலர்! விலையைக் கண்டு நான் மயங்கவில்லை. ஒற்றைப் பிரதி என்பதன் அருமையை அவர்கள் உணர்ந்திருக்கிறார்களே என்பதுதான் என் பொறாமை.

இதில் ஒரு வேடிக்கை. அரக்கு நம் தேசத்துச் சரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் பூச்சிகள் சுரப்பது. உலகத்துப் பிளேட்டெல்லாம் அதைக்கொண்டே பாடிற்று. மேனாடுகள் பிளாஸ்டிக் தட்டுக்கு மாறிய பின்னும், சாவி கொடுக்கும் பெட்டிகள் நம் வீடுகளில் இருந்தபடியால், கல்கத்தா டம்டம் ஆலையில் 1960-களின் நடுப்பகுதியிலும் அரக்குத் தட்டு அச்சாயிற்று. பீட்டில்ஸ் பாட்டுக்களும் அவற்றில் அடக்கம். இன்று ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுக்களைத் தேடி அலைகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் நாலு பிளேட்டு இருக்கலாம். படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். லேபிள் நனையாமல் சுத்தமான நீரில் மெல்லத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டும். ஓரத்தில் உலோகம் தெரிந்தால் மட்டும் தொடாதீர்கள். விஷயம் தெரிந்தவர் கையில் கொடுத்து, முதல் வேலையாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

கிட்டப்பாவின் தட்டில் ஒரு விரிசல். சுற்றுக்கொரு தடவை ‘டக்’கென்று தட்டும். மறுநாள் மாலை, நண்பரிடம் இரவல் வாங்கிய பெட்டியில் அதை வைத்தேன். அடுக்களையிலிருந்து என் தாயார் கரண்டியுடனே வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். பாட்டு முடிந்தது.

“மறுபக்கத்தையும் போடுடா” என்றார்.