மான் வேட்டைப் பயணத்திற்கான பொருட்கள்

வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குச் செல்வோர் எடுத்துச்செல்லும் உடை, கருவி, பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைக் கொள்ளலாம். அங்கு துப்பாக்கி வேட்டைக் காலம் நவம்பர் மாதத்தில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாட்கள் நடைபெறுகிறது. ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் இதற்கு உரிமம் பெறுகின்றனர். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம் ஆகும். இங்கு கூறப்படுவது அரசு உரிமத்தின் பேரில், வரையறைக்குட்பட்டு நடக்கும் வேட்டை.

வேட்டை என்றதும் துப்பாக்கியே நினைவுக்கு வரும். ஆனால் வேட்டைக்காரரின் பையைத் திறந்து பார்த்தால் துப்பாக்கி தொடர்பானவை மிகக் குறைவு. குளிர், மரத்திலிருந்து விழுதல், வழிதவறுதல், இன்னொருவரின் தோட்டா, கெட்டுப்போகும் இறைச்சி ஆகிய ஐந்து இடர்களை முன்னிட்டே பெரும்பாலான பொருட்கள் சேர்க்கப்படுகின்றன.

உடை

நவம்பர் இறுதியில் விஸ்கான்சினின் வடபகுதியில் வெப்பநிலை அடிக்கடி 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும். வேட்டைக்காரர் விடியுமுன் இருட்டில் நடந்து சென்று, பிறகு பல மணிநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நடக்கும்போது வியர்க்கும், உட்கார்ந்தபின் அந்த வியர்வையே உடலைக் குளிர்விக்கும். பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் இப்பயணத்திற்கு ஏற்றதன்று. நம் ஊர் வெயிலில் நமக்கு உதவும் அதே குணம் அங்கு உயிருக்கு உலை வைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். எனவே உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணிகின்றனர். தடித்த மேலங்கியை நடக்கும்போது அணியாமல் பையில் கட்டி எடுத்துச்சென்று, இடம் சேர்ந்தபின் அணிவது அனுபவசாலிகளின் வழக்கம். மாற்றுக் காலுறை ஒரு சோடியும் வேண்டும்.

கைகளைச் சூடாக்கும் சிறு பொட்டலங்களும் பயன்படுகின்றன. இவற்றுள் இருப்பது இரும்புத் தூள். உறையைப் பிரித்ததும் அது காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து துருப்பிடிக்கும். அப்போது வெப்பம் வெளிப்படும்.

ஒளிரும் செம்மஞ்சள் நிறம்

விஸ்கான்சினில் 1980 முதல் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் ஒளிரும் செம்மஞ்சள் உடை கட்டாயம். 2016இல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்பட்டது. இடுப்புக்கு மேலுள்ள வெளியுடையில் குறைந்தது பாதியாவது இந்நிறத்தில் இருக்க வேண்டும். ‘இவ்வளவு பளிச்சென்று இருந்தால் மான் ஓடிவிடாதா?’ என்ற ஐயம் எழலாம். மானின் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் இரு வகையே உள்ளன. செம்மஞ்சளையும் சிவப்பையும் அதனால் நன்கு வேறுபடுத்த இயலாது. மனிதக் கண்ணுக்கோ அந்நிறம் மரங்களுக்கிடையே தொலைவிலிருந்தே தெரியும். மான் மனிதரைக் கண்டுகொள்வது பெரும்பாலும் மோப்பத்தாலும் அசைவாலும்தான். ஆகவே காற்றின் திசையறிய மெல்லிய தூள் நிரம்பிய சிறு குப்பி ஒன்றும் பையில் இருக்கும்.

பைனாகுலர் ஆடம்பரப் பொருள் போலத் தோன்றும். ஆனால் புதரில் அசைவது எதுவெனத் துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே பார்ப்பவர், அசைவது மனிதராக இருந்தால், குழலை அவர்மீதே நீட்டியிருப்பார். அதனால் அடையாளம் காணப் பைனாகுலர், சுடுவதற்கு மட்டுமே துப்பாக்கி என்பது பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படும் பாடம்.

மரப்பரண்

பலர் மரத்தில் கட்டிய பரணில் அமர்ந்து காத்திருப்பர். வேட்டைக்காரர்களுக்கு நேரும் கடுமையான காயங்களில் பரணிலிருந்து விழுவதால் ஏற்படுபவை முக்கிய இடம் பெறுகின்றன. எனவே முழு உடல் பாதுகாப்புக் கச்சை இன்றியமையாதது. பரணில் உட்கார்ந்தபின் மாட்டிக்கொண்டால் போதாது. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவோர் பலர். தரையிலிருந்தே உயிர்க்கயிற்றில் கச்சையை இணைத்துக்கொண்டு ஏற வேண்டும். விழுந்து கச்சையில் நெடுநேரம் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், காலூன்றி எழ உதவும் பட்டையும் தேவை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாவை நீக்கி, குழல்முனை கீழ்நோக்கி இருக்குமாறு கயிற்றில் கட்டிவிட்டு, ஏறி அமர்ந்தபின் மேலே இழுத்துக்கொள்வர்.

வழியும் தொடர்பும்

கைப்பேசி மின்கலம் குளிரில் விரைவாக வலுவிழக்கும். அதை உடலை ஒட்டிய உட்பையில் வைக்க வேண்டும். அதை மட்டுமே நம்பாமல் காகித வரைபடம், திசைகாட்டி, தலைவிளக்கு, விசில், நீர் புகாத தீப்பெட்டி ஆகியவற்றையும் எடுத்துச்செல்வர். விசிலை மூன்று முறை ஊதுவது உதவி கோரும் குறி. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைப்பது எளிய உத்தி: பனிக்கட்டி முதலில் மேற்பரப்பில் உருவாவதால் மூடிப்பக்கம் அடைபடாது. பையில் வைக்க முடியாத ஒன்றும் உண்டு. எந்த இடத்தில் இருப்போம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுப்பதே அது. தேடச் செல்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

மான் விழுந்த பிறகு

கூரிய சிறு கத்தி, ரப்பர் கையுறை, இழுக்கும் கயிறு, இறைச்சிக்கான துணிப்பை ஆகியவை இக்கட்டத்திற்கு உரியவை. உடல் வெப்பம் தணியாவிட்டால் இறைச்சி கெடும். எனவே குடல் முதலிய உள்ளுறுப்புகளை அந்த இடத்திலேயே நீக்குகின்றனர். இறைச்சியை விரைவாக 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். வெதுவெதுப்பான நாளாயின் வண்டியில் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் புறப்படுவது, கொன்ற உயிரை வீணாக்குவதற்கே இட்டுச்செல்லும்.

விஸ்கான்சினில் 2002இல் மான்களிடையே நாட்பட்ட நலிவு நோய் கண்டறியப்பட்டது. பிரியான் எனும் பிறழ்ந்த புரதத்தால் வரும் இந்நோய், சமைப்பதால் நீங்காது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆயினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று நலவாழ்வுத் துறைகள் அறிவுறுத்துகின்றன. அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாமல் தவிர்த்து, சோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே உறையவைப்பவர்கள் உண்டு. பிடித்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும் என்பதால், உரிமத் தாளும் ஒரு பேனாவும் நனையாத உறையில் இருக்க வேண்டும்.