காசு இல்லாதபோது கைகொடுப்பது பண்டமாற்றா, கடனா?

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் வீட்டுக்கு மளிகை எப்படி வந்தது? முட்டை மலியும் நாமக்கல்லில், முட்டையைக் கொடுத்து எண்ணெய் வாங்கவா கிளம்பினோம்? தெரிந்த கடையில் "எழுதிக்கோங்கண்ணா" என்றோம். அவ்வளவுதான்.

முதலில் பண்டமாற்று, அது சிக்கலானதும் காசு. 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதியது இதைத்தான். 2011-இல் கடனின் வரலாற்றை எழுதிய மானிடவியலாளர் டேவிட் கிரேபர் இதை மறுத்தார். தெரிந்தவர்களுக்குள் ஓடியது கைமாத்துதான் என்றார். வாங்கிய அளவே திருப்பித் தரும் கைமாத்துக்குத் திருக்குறளிலேயே ஒரு சொல் உண்டு: குறியெதிர்ப்பை.

அப்போ பண்டமாற்று? அது பெரும்பாலும் வெளியூர்க்காரர்களோடு. சங்க காலத்தில் உமணர்கள் வண்டியில் கொண்டுவந்த உப்பை நெல்லுக்கு மாற்றினார்கள்.

நெல் வேண்டாத வெளியூர்க்காரரிடம் என்ன செய்வது? அங்கேதான் காசு தேவை. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கரூரில், அமராவதி ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம்ம கொல்லிமலையை நினைவுபடுத்தும் 'கொல்லிப்பொறை' என்ற பெயர் பொறித்த சேரர் காசும் கிடைத்திருக்கிறது.

முன்பின் தெரியாதவரையும் நம்ப வைப்பதுதான் காசின் வேலை. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம்.