ஒரே இரவில் வந்த புகழா? உலக மேடைக்குப் போகும் நீண்ட வழி



'என் எதிர்கால ஆசை' என்று கட்டுரை எழுதச் சொன்னால், வகுப்பில் ஓரிருவராவது பாடகர் ஆகப் போவதாக எழுதுகிறார்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். எட்டு வயதில் மேடை, பத்து வயதில் பரிசு, அப்புறம் புகழ்தான் என்று அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். பெற்றோர் சிலருக்கும் அதே கணக்குதான், இல்லையா?

மேற்கத்திய செவ்வியல் இசையில் உலக மேடைக்கு வந்த பாடகர்களும் இசைக்குழு நடத்துநர்களும் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால், இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. பாடகர்கள் பலர் முப்பது வயதுக்குப் பிறகுதான் உலகுக்குத் தெரிய வந்தார்கள். அதற்கு முந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய பகுதி. அதைத்தான் இங்கே கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

மைக் இல்லாத பாட்டு

முதலில் குரலைப் பற்றி. ஓபரா என்பது கதையைப் பாட்டாகவே நடிக்கும் நாடகம். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் பெரிய இசைக்குழு ஒன்று வாசிக்கும். அதற்கு மேல், மைக் இல்லாமல் பாடகர் பாட வேண்டும். நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறக்குறைய 3,800 பேர் உட்காரலாம். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் காதில் விழ வேண்டும்.

கத்தினால் கேட்குமா? கேட்காது, தொண்டைதான் போகும். இசைக்குழுவின் ஒலி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் வலுவாக இருக்கும். மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையின் உள்வடிவத்தைச் சரிசெய்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன் குரலுக்குக் கூடுதல் வலுவைக் கொண்டுவருகிறார். அந்த இடத்தில் இசைக்குழு மெலிந்திருக்கும், நம் காதோ கூர்மையாக இருக்கும். அதனால்தான் ஒரு குரல் எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹன் சுண்ட்பெர்க் இதை அளந்து விளக்கியவர்.

இந்தத் திறமை ஒரு மாதத்தில் வராது. குரலும் உடம்போடு சேர்ந்துதான் முதிர்கிறது. சோப்ரானோ எனப்படும் உயர்ந்த பெண்குரலில் பாடுபவர் உச்ச ஸ்வரத்தைத் தொடும்போது, குரல் நாண்கள் வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கின்றன. வயலின் தந்தி அறுந்தால் வேறு மாட்டலாம். குரல் நாணுக்கு மாற்று கிடையாது.

ஜெர்மானிய ஓபரா அரங்குகள் இதற்காகவே ஒரு முறை வைத்திருக்கின்றன. அதன் பெயர் 'ஃபாக்'. லேசான குரல், நடுத்தரக் குரல், கனமான குரல் என்று பாடகர்களை வகைப்படுத்தி, எந்தக் குரலுக்கு எந்த வேடம் என்று பிரித்துக் கொள்வார்கள். இளம் பாடகர் ஒருவர் மாதச் சம்பளத்தில் அரங்கக் குழுவில் சேர்ந்தால், தன் வகைக்கு உரிய வேடங்களையே பாடுவார் என்பது ஏற்பாடு. சின்ன வேடம், அப்புறம் கொஞ்சம் பெரிய வேடம் என்று படிப்படியாகப் போகலாம். நமக்குப் புரியும்படி சொன்னால், நாடகக் கொட்டகையில் வளர்வது போல.

ஒரே மேடை, இரண்டு பாடகிகள்

1952 நவம்பரில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் 'நோர்மா' என்ற ஓபரா நடந்தது. தலைப்பு வேடத்தில் மரியா கல்லாஸ். அப்போது அவருக்கு 28 வயது. ஏற்கெனவே பெரிய பெயர். நோர்மாவின் தோழியாக ஒரு சிறு வேடத்தில் வந்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஜோன் சதர்லேண்ட். அவருக்கு 26 வயது. இருவருக்கும் மூன்று வயதுகூட வித்தியாசம் இல்லை.

கல்லாஸ் 18 வயதிலேயே ஏதென்ஸில் 'டோஸ்கா'வில் முதன்மை வேடம் பாடியவர். 1949 ஜனவரியில் வெனிஸில், வாக்னரின் கனமான வேடம் ஒன்றையும் பெல்லினியின் நுணுக்கமான வேடம் ஒன்றையும் ஒரே வாரத்துக்குள் பாடினார். இரண்டுக்கும் வேண்டிய குரல் முற்றிலும் வேறு. கேட்டவர்கள் அசந்து போனார்கள். ஆனால் 1965 ஜூலையில், 41 வயதில், அவருடைய ஓபரா மேடை வாழ்க்கை முடிந்தது. ஏன் குரல் அவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது? இளமையிலேயே சுமந்த கனமான வேடங்கள் என்பார்கள் சிலர், குறுகிய காலத்தில் உடல் எடை குறைந்தது என்பார்கள் வேறு சிலர், நோய் என்பாரும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. அவர் பாடிய காலம் குறைவு என்றாலும், இன்றைய பாடகிகள் அவர் பதிவுகளைக் கேட்டுத்தான் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சதர்லேண்ட் கதை வேறு. அதே அரங்கக் குழுவில் ஏழு ஆண்டுகள் இருந்தார். சிறிதும் பெரிதுமாகப் பல வேடங்கள். அவருடைய பெரிய குரலைப் பார்த்து, வாக்னர் ஓபராக்கள்தான் இவருக்குச் சரி என்று பலரும் நினைத்தார்கள். அவருடைய கணவர் ரிச்சர்ட் பொனிங் ஒத்துக்கொள்ளவில்லை. உயரமாகவும் வேகமாகவும் சுழன்று வரும் பழைய இத்தாலியப் பாட்டுகளே இந்தக் குரலுக்கு ஏற்றவை என்று விடாமல் சொல்லி, அதற்கே பழக்கினார். 1959 பிப்ரவரி 17ஆம் தேதி 'லூசியா' வேடத்தில் வந்தபோது சதர்லேண்டுக்கு 32 வயது. அந்த இரவுக்குப் பிறகு உலகமே அவரைக் கூப்பிட்டது. 1990இல் ஓய்வு பெறும்வரை பாடினார்.

ஒருவரைப் பார்த்து மற்றவர் தப்பு செய்தார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'உனக்கு இந்தப் பாட்டு இப்போது வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது சதர்லேண்ட் கதையில் தெரிகிறது. நார்வே நாட்டு கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடும் இப்படித்தான். 1913இல் மேடை ஏறி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலேயே பாடிக்கொண்டிருந்தார். 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் முதன்முறை பாடியபோது வயது 39. அதன்பிறகுதான் வாக்னர் பாடகிகளில் முதல் வரிசையில் அவர் பெயர் வந்தது.

கோலைப் பிடிக்கும் முன்

நடத்துநர் என்றால் நம்மில் பலருக்குப் பேருந்துதான் ஞாபகம் வரும். இசைக்குழு நடத்துநர் வேறு ஆள். அவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. யார் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் என்று ஒத்திகையில் தீர்மானித்து, மேடையில் கையசைவால் நடத்துகிறார். அவருக்கு முன்னால் உள்ள ஸ்வரப் புத்தகத்தில் எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதை மனத்துக்குள் கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தத் தொழிலில் 'திடீர் வாய்ப்பு' கதைகள் நிறைய. 1886இல் ரியோ டி ஜெனிரோவில் 'ஐடா' ஓபரா. நடத்துநர் தகராறில் விலகிவிட்டார், மாற்று ஆட்களைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்டிவிட்டது. செல்லோ வாசித்துக்கொண்டிருந்த 19 வயதுப் பையனை மேடைக்கு ஏற்றினார்கள். புத்தகத்தைப் பார்க்காமலே முழு ஓபராவையும் நடத்தி முடித்தான். அவன்தான் பிற்காலத்து ஆர்ட்டூரோ டோஸ்கனினி. 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் புரூனோ வால்டருக்கு உடல்நலம் இல்லை. 25 வயது உதவி நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகை இல்லாமல் ஏறினார். வானொலியில் நாடு முழுவதும் கேட்டது. மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி.

மாணவர்கள் இதைக் கேட்டால் "அதிர்ஷ்டம்லா சார்" என்பார்கள். அதிர்ஷ்டம் உண்டுதான். ஆனால் டோஸ்கனினிக்கு அந்த ஓபரா ஏற்கெனவே மனப்பாடம். பெர்ன்ஸ்டைனின் வேலையே, யாராவது வர முடியாமல் போனால் நடத்துவதற்குத் தயாராக இருப்பதுதான். கூப்பிடாமல் போயிருந்தாலும் அவர்கள் அதைப் படித்துத்தான் வைத்திருப்பார்கள்.

மும்பையில் 1936இல் பிறந்த சுபின் மேத்தாவின் கதையும் சொல்லத் தக்கது. தந்தை மேலி மேத்தா வயலின் கலைஞர். மகன் மருத்துவம் படிக்கத் தொடங்கி, அதை விட்டுவிட்டு, 1954இல் வியன்னாவுக்குப் போனார். அங்கே பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளை மாணவர்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. மேத்தாவும் அவருடைய நண்பர் கிளாடியோ அப்பாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா? இசைக்குழுவோடு பாடும் பாடற்குழுவில் தாழ்ந்த குரல் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடகர் என்றால் ஒத்திகையில் நிற்கலாம் இல்லையா! நடத்துநரின் முகத்துக்கு நேரே நின்று பாடம் கற்றார்கள். 1958இல் லிவர்பூல் போட்டியில் மேத்தா வென்றார். 1962இல், 26 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். அப்பாடோவும் பிற்காலத்தில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வரை போனார்.

உழைத்தும் திறக்காத கதவு

இதுவரை சொன்னதை மட்டும் வகுப்பில் சொல்லி நிறுத்தினால், 'பொறுத்திருந்தால் கிடைக்கும்' என்ற பாடமாகிவிடும். அது முழு உண்மை இல்லை.

மரியன் ஆண்டர்சன் 1897இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த கருப்பினப் பாடகி. இளம்வயதில் அந்த ஊர் இசைப்பள்ளி ஒன்று நிறத்தைச் சொல்லி அவரைச் சேர்க்க மறுத்தது. 1930களில் ஐரோப்பா முழுதும் பாடிப் புகழ் பெற்றார். அப்படியும், 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் அவர் பாட இடம் தரவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, ஏறக்குறைய 75,000 பேர் முன்னால் பாடினார். மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரைக் கூப்பிட்டது 1955 ஜனவரியில்தான். அந்த அரங்கில் முதன்மைப் பாடகர் வரிசையில் பாடிய முதல் கருப்பினத்தவர் அவர். வயது 57. குரலின் நல்ல காலம் போய்விட்டது. சதர்லேண்டின் காத்திருப்பு குரலை வளர்த்தது. ஆண்டர்சனின் காத்திருப்பு பிறர் அவர்மேல் ஏற்றிய சுமை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

நடத்துநர் தொழிலில் பெண்களுக்கும் இப்படித்தான். மரின் ஆல்சப் 2007இல் பால்டிமோர் சிம்பொனி இசைக்குழுவின் இசை இயக்குநரானார். அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றில் ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. 2007 என்பது நம் மாணவர்களின் அண்ணன் அக்காமார் பிறந்த காலம்தான்!

வகுப்பில் பேசிப் பார்க்க

1. சதர்லேண்டும் ஆண்டர்சனும் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். இரண்டு காத்திருப்பும் எப்படி வேறுபடுகின்றன?

2. மேத்தாவும் அப்பாடோவும் செய்தது தந்திரமா, ஆர்வமா? உங்கள் கருத்துக்குக் காரணம் கூறுக.

3. பெர்ன்ஸ்டைனை அன்று யாரும் கூப்பிடாமல் இருந்திருந்தால், அவருடைய உழைப்பு வீணா?

பாட ஆசைப்படும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் ஒன்று கவனியுங்கள். குரல் உடையும் வயதில் இருக்கும் மாணவனைப் பழைய சுருதியிலேயே போட்டிக்குப் பாடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தொண்டை கரகரத்தால் ஓய்வு கொடுங்கள். பரிசு இந்த ஆண்டு போனால் போகட்டும். அதை அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் பெரும்பாலும் ஆசிரியர்தான்.