கோடுகள் சொல்லும் மேடு பள்ளம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டமும் கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் தோளுரசி நிற்கும் இடத்தில் பனச்சமூடு அமைந்துள்ளது. ‘மூடு’ என்பது இவ்வட்டாரத்தில் மரத்தடியைக் குறிக்கும் சொல். இங்குள்ள சந்தையில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் ஒலிக்கும். 1956 நவம்பர் 1 முதல் இரு மாநிலங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடு எந்த வரைபடத்திலும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஊருக்குக் கிழக்கே படிப்படியாக எழும் குன்றுகளும், அவற்றினிடையே ஒளிந்து கிடக்கும் ஓடைகளும் எல்லா வரைபடங்களிலும் ஒன்றுபோல் தெரிவதில்லை. இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பையே பாதிக்கக்கூடும் என்பதை அப்பகுதிக் கிளையொன்றில் பணியாற்றிய நாள்களில் நான் கற்றுக்கொண்டேன்.

வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வந்தார். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. அவற்றுடன், செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றையும் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர் வாங்க விரும்பிய மனையின் நடுவே நீண்டதொரு மேடு ஓடுவதாக அப்படத்தில் தோன்றியது. “இந்த மேட்டில்தான் சார் வீடு. எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது” என்றார். எனக்கும் அது மேடாகவே தெரிந்தது.

மறுவாரம் இடத்தைப் பார்வையிடச் சென்றோம். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கையிலிருந்த படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, “சாரே, அது மேடு இல்ல, ஓடையாக்கும். துலா மழைக்கு இதுவழியாத்தான் வெள்ளம் இறங்கும்” என்றார். நேரில் பார்த்தபோது அவர் கூறியது முற்றிலும் உண்மை. மேடு என்று நாங்கள் நம்பியது வறண்டு கிடந்த ஒரு பள்ளத்தாக்கு.

கண் செய்யும் பிழை

படித்த இருவர் ஒரே பிழையைச் செய்தது எவ்வாறு? ஒளி எப்போதும் மேலிருந்து வரும் என்று எண்ணியே நம் கண்கள் மேடு பள்ளங்களைப் பிரித்தறிகின்றன. அதனால்தான் நிழல் தீட்டி வரையப்படும் நிலப்படங்களில், ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, விழுவதாகக் கொள்வது வழக்கமாயிற்று. மேசைமேல் இடப்பக்கம் விளக்கை வைத்து வலக்கையால் வரைந்த பழக்கத்திலிருந்து இது வந்தது என்பர்.

இயற்கைச் சூரியனுக்கு இந்த வழக்கம் தெரியாது. நம் பகுதியில் மேகமற்ற தெளிவான படங்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில் கிடைக்கின்றன. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலமும் அதுவே. அப்போது காலைச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் நிழல் வடமேற்கில் விழுகிறது. ஒளி கீழிருந்து வரும் அப்படத்தை, மேலிருந்து வருவதாக எண்ணிப் பார்க்கும் கண்ணுக்கு ஓடை மேடாகவும் மேடு ஓடையாகவும் மாறிவிடுகின்றன. ஐயம் வந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் உண்மை வடிவம் வெளிப்பட்டுவிடும். அன்று அந்தப் பெரியவரின் கைகள் இயல்பாகச் செய்ததும் இதைத்தான்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு விடை

தட்டையான தாளில் உயரத்தைக் காட்டுவது நிலப்படக் கலையின் பழைய சிக்கல். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். திருவிதாங்கூரை வார்டு, கான்னர் என்னும் இரு அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை அளந்தனர். அக்காலத்தில் மலைகளைக் காட்டப் பரவலாகக் கையாளப்பட்டவை சரிவுக் கீற்றுகள். நீர் வழிந்தோடும் திசையில் சிறு கோடுகளை இழுப்பது அம்முறை. சாக்சனி நாட்டுப் படை அதிகாரி லேமான் 1799இல் அதற்கு ஒழுங்கான விதி வகுத்தார்: சரிவு கூடக் கூடக் கோடு தடிக்கும். மலை எங்கே செங்குத்தானது என்பதை இது சொல்லும். எத்தனை உயரம் என்பதைச் சொல்லாது.

பள்ளிச் சுவரில் தொங்கும் படங்களில் தாழ்நிலம் பச்சை, உயர்நிலம் பழுப்பு என வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று ஒப்பிட இதுபோல் எளிதான முறை வேறில்லை. ஆனால் பச்சையைக் கண்டு வளமான காடு என்று எண்ணுவோர் பலர். அங்கே பச்சை, உயரத்தின் அடையாளம் மட்டுமே.

மூன்றாவது முறையே சமஉயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு இது. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே, பூமியின் அடர்த்தியை அறிவதற்கான சோதனை தொடங்கியது. அதற்காக மலையின் பொருண்மையைக் கணக்கிட்ட கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன், ஒரே உயரமுடைய புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். கணக்கு எளிதாயிற்று. இக்கோட்டைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

வணிகவியல் படித்த எனக்கு இவற்றின் வேறுபாடு இப்படிப் புரிந்தது: நிழலும் வண்ணமும் ஆண்டறிக்கையில் உள்ள பட்டை வரைபடம் போன்றவை; ஒரே பார்வையில் போக்கைக் காட்டும். சமஉயரக் கோடு பேரேடு போன்றது. பொறுமையாகப் படித்தால் கணக்கைத் தரும். பட்டை வரைபடத்தை மட்டும் பார்த்து யாரும் கடன் வழங்குவதில்லை.

கோட்டைப் படிக்கும் வகை

1767இல் தொடங்கப்பெற்ற இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு இடவிளக்கப் படங்களில் சமஉயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில், பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஐந்தாவது கோடு தோறும் தடித்திருக்கும். பனச்சமூடு 58 எச்/3 என்னும் பழைய வரிசைத் தாளில் அடங்கும்.

படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகள் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 200 மீட்டர் நடக்கையில் 20 மீட்டர் ஏறுகிறோம். பத்துக்கு ஒன்று என்ற மென்சரிவு. அவை 1 மில்லிமீட்டரே விலகியிருந்தால் 50 மீட்டருக்குள் 20 மீட்டர் ஏற்றம். ஏறத்தாழ 22 பாகைச் சரிவு. கோடுகள் நெருங்குமிடத்தில் அடித்தளச் செலவும் தாங்குசுவர்ச் செலவும் கூடும்.

கோடு வளைந்து கூர்மையாகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது ஓடை; தாழ்வான பக்கத்தை நோக்கினால் மலைத்தோள். எங்கள் வாடிக்கையாளரின் மனையைக் கடந்த கோடுகளின் கூர்முனைகள் மேல்நோக்கியே இருந்தன. நாங்கள் முதலிலேயே அத்தாளை விரித்திருந்தால் ஐயத்துக்கே இடமிருந்திருக்காது.

இக்கோடுகள் நம்மவர்க்குப் புதியவையல்ல. சரிவில் ரப்பர்க் கன்று நடுவதற்காக ஒரே மட்டத்தில் வெட்டப்படும் படிகளை எதிர்க்குன்றிலிருந்து பாருங்கள். சமஉயரக் கோடுகள் மண்ணிலேயே வரையப்பட்டிருப்பது தெரியும். அப்பெரியவர் நிலத்தில் படித்ததை நாம் தாளில் படிக்கிறோம், அவ்வளவே.

ஏன் கவலைப்பட வேண்டும்?

பனச்சமூட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத அம்பூரி, அன்று நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 2001 நவம்பர் 9ஆம் நாள் இரவு, கனமழையில் அங்கே மலைச்சரிவு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வட்டாரத்து முதியோர் இன்றும் அந்த ஐப்பசி மழையை நினைவுகூர்வர். வரைபடம் படித்தால் மலை சரியாமல் நின்றுவிடும் என்பதில்லை. ஆயினும் செங்குத்துச் சரிவின் அடியிலும் ஓடை முகத்திலும் வீடு கட்டும் முன் ஒருமுறை தயங்கி நிற்க அது உதவும்.

கோட்டுக்கும் எல்லை உண்டு. 20 மீட்டர் இடைவெளிக்குள் 10 மீட்டர்ப் பள்ளம் ஒன்று பதிவாகாமலே போகலாம். ஆண்டிறுதி இருப்பு, இடையில் நேர்ந்த பற்றாக்குறையைக் காட்டாதது போல. ஆகவே நேரில் பார்ப்பதற்கு மாற்றில்லை. பட்டாவும் புலப்படமும் பரப்பையும் எல்லையையும் உறுதிசெய்யும். சரிவைப் பற்றி அவை பேசுவதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

மலைப்பாங்கான இடத்தில் மனை வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், நில அளவைத் துறையின் இணையத்தளத்தில் திறந்த வரிசை நிலப்படத்தைத் தேடிப் பெறலாம். வடிவை அறியச் செயற்கைக்கோள் படம், சரிவை அறியச் சமஉயரக் கோடு, இரண்டையும் சரிபார்க்க மழைக்காலத்தில் ஒரு நேரடி வருகை. அக்கம்பக்கத்தாரிடம் “மழை பெய்தால் தண்ணீர் எவ்வழி போகும்?” என்று கேட்கவும் தயங்க வேண்டா.

அந்த வாடிக்கையாளர் மனையைக் கைவிடவில்லை. விலையைக் குறைத்துப் பேசி வாங்கினார். ஓடையை அதன் போக்கில் விட்டு, மேற்குப்புற மலைத்தோளில் வீடு கட்டினார். புதுமனை புகுவிழாவுக்கு என்னை அழைத்தபோது, அந்த இடவிளக்கப் படத்தை முன்னறையில் சட்டமிட்டு மாட்டியிருந்தார். அருகில் அந்தப் பெரியவர் நின்றிருந்தார்.