விடுதி வாசலில் மதிப்பெண்

உயர்கல்விக்காகப் பெங்களூருவுக்கு வரும் வெளியூர் மாணவிக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது பாதி வெற்றிதான். நகரத்தில் தங்குவதற்கு ஒரு கட்டிலும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸும், இரவில் வீட்டார் கவலையின்றித் தூங்குமளவுக்குப் பாதுகாப்பும் அமைந்தால்தான் அந்த இடம் படிப்பாக மாறும். இவை மூன்றையும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் தருபவை அரசும் சமுதாய அறக்கட்டளைகளும் நடத்தும் மாணவியர் விடுதிகளே. அந்த விடுதிகளின் வாசலில் முதலில் கேட்கப்படும் தாள்களுள் ஒன்று மதிப்பெண் சான்றிதழ். ஒரு மாணவி எப்படிப் படிக்கிறாள் என்பது, அவள் எங்கே, யாருடன் சேர்ந்து வாழ்ந்து படிக்கப்போகிறாள் என்பதையும் தீர்மானிக்கிறது.

இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உண்டு. அங்கே மாணவியர் மட்டுமே உறுப்பினராகி, பெரும்பாலும் ஒரே இல்லத்தில் கூடி வாழும் சங்கங்களுக்குச் சொராரிட்டி என்று பெயர். 1851இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரப் பெண்கள் கல்லூரியில் இத்தகைய சங்கங்களின் முன்னோடி ஒன்று தோன்றியது. 1902இல் அவற்றுக்கான தேசியக் கூட்டமைப்பு உருவாகி, இன்று 26 சங்கங்களைக் கொண்டிருக்கிறது. கறுப்பின மாணவியர் 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் சங்கத்தைத் தனியே நிறுவினார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளும் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபருமான கமலா ஹாரிஸ், 1980களில் ஹோவர்டில் படித்தபோது இச்சங்கத்தில்தான் சேர்ந்தார். சேர விரும்பும் மாணவியின் மதிப்பெண் சராசரி நான்கு புள்ளி அளவுகோலில் பார்க்கப்படுகிறது. பல சங்கங்கள் 2.5 முதல் 3.0 வரையுள்ள ஏதேனும் ஒரு புள்ளியைக் கீழெல்லையாக வைத்திருக்கின்றன. முதலாண்டு மாணவிக்குப் பல்கலைக்கழக மதிப்பெண் இன்னும் வந்திராததால் பள்ளி மதிப்பெண்ணே எடுத்துக்கொள்ளப்படும். அவ்வெல்லையைத் தாண்டியபின் மதிப்பெண்ணின் பங்கு குறைந்து, பழகும் இயல்பும் பொதுச்சேவையும் பரிந்துரையும் முன்னே வருகின்றன. பல வளாகங்களில் சங்கவாரியான சராசரி மதிப்பெண் வெளியிடப்படுவதால், ஒரு மாணவியின் சறுக்கல் சங்கம் முழுவதன் பெயரையும் தொடுகிறது. உறுப்பினர்களை ஒன்றாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பெங்களூரு விடுதிகளில் மதிப்பெண் செய்யும் வேலை வேறு. கர்நாடக அரசின் சமூகநலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சிறுபான்மையினர் நலத்துறை ஆகியவை, பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பவர்களுக்காக மெட்ரிக்குக்குப் பிந்தைய விடுதிகள் என்ற பெயரில் தனித்தனியே விடுதிகளை நடத்துகின்றன. விண்ணப்பம் இணையவழியில் பெறப்படுகிறது; குடும்ப வருமானமும் சாதிச் சான்றும் தகுதியை நிறுவுகின்றன; அதற்குப் பிறகு, ரோஸ்டர் எனப்படும் இட ஒதுக்கீட்டு வரிசைக்குள், முந்தைய தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பட்டியல் தயாராகிறது. இங்கே மதிப்பெண் தாண்டிச் செல்லும் எல்லைக்கோடாக இல்லாமல் வரிசையில் நிற்கும் இடமாகிவிடுகிறது. நூறு கட்டில் உள்ள விடுதிக்கு நானூறு பேர் விண்ணப்பித்தால், நூற்றொன்றாவது மாணவி நன்றாகப் படித்தவளா என்ற கேள்வியே எழுவதில்லை. அவளுக்கு முன்னால் நூறு பேர் இருக்கிறார்கள் என்பதே விடை.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு இருப்பிடம் அளிப்பது இந்நகரத்தில் அரசுக்கு முன்பே சமுதாயங்கள் மேற்கொண்ட பணி. வணிகரான குப்பி தோட்டதப்பா 1903இல் ரயில் நிலையத்தின் அருகே அமைத்த சத்திரமும், அவருடைய அறக்கட்டளையின் மாணவர் விடுதியும், 1906இல் தொடங்கப்பட்ட ஒக்கலிகர் சங்கமும், கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் படிக்க வழிதிறந்தன. ஆயினும் அவ்வழி தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. தலித் மாணவர்களுக்கான கோபாலசாமி ஐயர் விடுதி தனியே குறிப்பிடத்தக்கது. கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யா தம் தன்வரலாறான ‘ஊரு கேரி’யில் எழுதிய விடுதி வாழ்க்கை அங்கே வாழ்ந்ததுதான். கூடிப் படிக்கும் இளைஞர்களிடமிருந்து ஓர் இயக்கமே பிறக்க முடியும் என்பதற்குக் கர்நாடகத் தலித் இலக்கியம் சான்றாக நிற்கிறது. 1972இல் முதலமைச்சரான தேவராஜ் அர்ஸ் அதே ஆண்டில் எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை அமைத்தார்; அதன் அறிக்கை 1975இல் வந்தது. அவருடைய ஆட்சிக் காலத்தில் அரசு விடுதிகள் பெருகியதை, கர்நாடகத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெருகியதிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

மதிப்பெண் இருந்தும் வாசல் திறக்காத காலமொன்று இதே நகரத்தில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. கமலா பாகவத் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. தேர்வில் முதலிடம் பெற்று, தம் தந்தையும் சிற்றப்பாவும் படித்த இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான சி.வி. ராமன். விண்ணப்பித்தவர் பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவர் மறுத்தார். கமலா பெங்களூருக்கே வந்து, மதிப்பெண்ணில் எவருக்கும் குறையாத தமக்கு ஏன் இடமில்லை என்று நேரில் கேட்டு, விடாப்பிடியாக நின்ற பிறகே சேர்த்துக்கொள்ளப்பட்டார், அதுவும் நிபந்தனைகளுடன். முதல் ஓராண்டு அவருக்கு முறையான மாணவி என்ற தகுதி கிடையாது, வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்யவேண்டும், ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைத்துச் சூழலைக் கெடுக்கக்கூடாது என்பன அவை. முதலிடம் பெற்ற ஓர் ஆணிடம் எந்தக் கல்விக்கூடமும் இப்படிக் கேட்டிராது. சீனிவாசய்யா என்னும் அறிஞரின் வழிகாட்டலில் பால், பருப்பு வகைகளின் புரதங்களை ஆராய்ந்த அவருடைய உழைப்பைக் கண்டபின் ராமன் மனம் மாற, கழகத்தின் கதவு பிற பெண்களுக்கும் திறந்தது. கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த நியாயமின்மையோடு ஒப்பிட்டால், மதிப்பெண் வரிசை ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பரிந்துரைக் கடிதமும் தெரிந்தவர் தயவும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு, எவரும் எளிதில் மாற்றிவிட முடியாத ஓர் எண் பெருந்துணை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கர்நாடகத்தில் எஸ்எஸ்எல்சி எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மொத்தம் 625 மதிப்பெண். முதல்மொழிக்கு மட்டும் 125, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 100. பியுசி எனப்படும் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பின் இறுதித் தேர்வுக்கு 600. ராய்ச்சூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்த ஆண்டில், தானே படித்து 600க்கு 450 பெற்ற மாணவியையும், நகரத்துத் தனியார் கல்லூரியில் தனிப்பயிற்சியுடன் படித்து 480 பெற்ற மாணவியையும் அருகருகே எண்ணிப் பார்க்கலாம். பட்டியலில் முன்னவர் 75 விழுக்காடு, பின்னவர் 80. இருவரும் ஒரே வகுப்பினரென்றால் கட்டில் பின்னவருக்குப் போகும். விடுதியின் தேவை யாருக்கு மிகுதியோ அவரையே அளவுகோல் பின்னுக்குத் தள்ளுவது இம்முறையின் உள்முரண். வீட்டில் படிப்பதற்கு ஓரிடம் இல்லாமையால் குறைந்த மதிப்பெண், படிப்பதற்கு ஓரிடத்தைத் தரமறுக்கும் காரணமாகவும் ஆகிவிடுகிறது.

பட்ட மேற்படிப்புக்கு வருவோரிடம் இன்னொரு சிக்கல் எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் பரிந்துரைத்த பத்துப் புள்ளி முறையில், மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரப்புள்ளிகள் வழங்கப்படுகின்றன. எல்லாப் பருவங்களின் தரப்புள்ளிகளையும் பாடங்களின் பளுவுக்கேற்பச் சேர்த்து எடுக்கும் சராசரிக்குச் சிஜிபிஏ என்று பெயர். அதை விழுக்காடாக மாற்றும் விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது. சில இடங்களில் பத்தால் பெருக்கினால் போதும். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கவேண்டும். ஆக 7.5 பெற்ற ஒரு மாணவி ஓரிடத்தில் 75 விழுக்காடும் மற்றோரிடத்தில் 67.5 விழுக்காடும் உடையவளாகிறாள். ஓரிரு புள்ளியில் இடம் கைநழுவும் பட்டியலில் இது சிறிய வேறுபாடன்று. தம் பல்கலைக்கழகத்தின் மாற்று விதியை எழுத்து வடிவில் வாங்கி விண்ணப்பத்துடன் இணைப்பது, வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் மாணவியர் அவசியம் செய்யவேண்டிய காரியம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக்கவலை ஒன்றுண்டு. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டதிலிருந்து, அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயில்களில் பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்துபோகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. இருட்டு விலகுமுன் சோற்று டப்பாவுடன் ஏறி, இருட்டியபின் திரும்பும் மாணவிக்கு நாளில் நான்கைந்து மணி நேரம் பெட்டியிலேயே கழிகிறது. இடம் கிடைத்த நாளில் மடியில் புத்தகத்தை விரிக்கலாம். நின்றுகொண்டு வரும் நாளில் அதுவும் இல்லை. இவர்களுள் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். பட்டியல் சாதிச் சான்று, 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்போது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அதைப் பொறுத்தது. வேறு மாநிலத்திலிருந்து பிற்பாடு குடிபெயர்ந்தவர்கள் புதிய மாநிலத்தில் அச்சலுகையைக் கோரமுடியாது என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்திருக்கிறது. தாத்தா காலத்திலேயே வந்து சுரங்கத்தில் உழைத்ததற்கான பழைய தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் தன் பிரிவின் வரிசையில் நிற்பாள். அத்தாள் தொலைந்துபோன பக்கத்து வீட்டுப் பெண் அதே மதிப்பெண்ணுடன் பொதுப்பிரிவில் நின்று தோற்பாள். இங்கே மதிப்பெண்ணை விடப் பழைய சம்பளப் புத்தகத்துக்கும் பள்ளிப் பதிவேட்டுக்கும் விலை அதிகம்.

விடுதியில் சேர்ந்துவிட்ட மாணவிக்கு மதிப்பெண்ணின் அழுத்தம் ஓரளவு தளர்கிறது. முதல் ஆண்டில் இருக்கும் போட்டி அடுத்த ஆண்டுகளில் அப்படியே தொடர்வதில்லை. ஒழுங்காகக் கல்லூரிக்குச் சென்று தேர்ச்சி பெற்றுவந்தால் இடம் நீடிக்கும். மூத்த மாணவியரின் குறிப்பேடுகளும், பழைய வினாத்தாள்களும், தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை விளக்கெரியும் படிப்பறையும் விடுதிக்குள் கிடைக்கும் செல்வங்கள். அமெரிக்கச் சங்கங்கள் உறுப்பினர்களைக் கூட்டி உட்காரவைத்துச் செய்வதை இங்கே அறைத்தோழியர் தாமாகவே செய்கிறார்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்காகக் கர்நாடக அரசு 2013-14இல் வித்யாசிரி என்னும் திட்டத்தைத் தொடங்கி, உணவுக்கும் தங்குமிடத்துக்குமாக மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு 15,000 ரூபாய் வழங்க முன்வந்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டமாயினும், பிஜி எனப்படும் தனியார் தங்குமிடங்களின் வாடகைக்கு முன்னால் பெங்களூருவில் அத்தொகை போதவே போதாது; ராய்ச்சூரிலோ கோலாரிலோ அதற்கு இருக்கும் மதிப்பு இங்கே இல்லை. கட்டில்களைப் பெருக்குவதே நேரான தீர்வு. அதுவரையில், முதலாண்டுச் சேர்க்கையில் மாணவியின் மதிப்பெண்ணை அவள் படித்த பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டு, தன் வகுப்புத் தோழியரை விட எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தலாம். இணையவழி விண்ணப்பத்தில் பள்ளியின் விவரமும் தேர்வுப் பதிவெண்ணும் கேட்கப்படும்போது, அக்கணக்கைச் செய்வதற்குத் தேர்வு வாரியத்தின் முடிவுகளைத் தவிரச் சான்று வேறெதுவும் தேவையில்லை.